நடுக்குவாத மாத்திரை: கூட்டாதீர், குறைக்காதீர், நிறுத்தாதீர்!



நம் லயங்களில் வயதான சிலருக்குக் கை உதறுகிறது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி தட்டில் சிந்துகிறது. சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகிறது. நடக்கச் சொன்னால் காலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிறார்கள். "வயசாயிடுச்சு, நரம்புத் தளர்ச்சி, வேறென்ன?" என்று நாமே வைத்தியராகித் தீர்ப்பும் சொல்லி விடுகிறோம்.

இவர்களில் சிலருக்கு இருப்பது பார்க்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. சரியாகச் சாப்பிட்டால் படுத்தவர் எழுந்து நடப்பார். தப்பாகச் சாப்பிட்டால் நடப்பவரும் படுத்து விடுவார். ஆகவே இந்த இதழில் அந்த மருந்தைப் பற்றியே பேசுவோம்.

சிங்கப்பூரை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் தோட்டக் குடும்பங்களில் பலவற்றின் பிள்ளைகள் பாலம் கடந்து அங்கே வேலை செய்கிறார்கள். பெற்றவர்கள் சில மாதம் பிள்ளையின் அடுக்குமாடி வீட்டிலும், சில மாதம் ஊரிலுமாக இருக்கிறார்கள். ஒரு டாக்டர் அக்கரையில், ஒரு டாக்டர் இக்கரையில். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனால் அங்கே ஒரு நாட்டு மருந்துப் பொடி. இந்தியாவிலிருந்து வரும் உறவினர் பையில் ஒரு பெட்டி மாத்திரை. எல்லாரும் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த நோயில் ஆபத்து அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது.

இது என்ன நோய்?

1817-ஆம் ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் இந்நோயை முதன்முதலாக விளக்கமாக எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. நம் மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற சத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. கைகால் அசைவு தடையில்லாமல் ஓடுவதற்கு இந்தச் சத்து தேவை. இந்நோயில் அந்த உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. கிரீஸ் வற்றிய மிஷினைப் போல் உடம்பு இறுகி, மந்தமாகிறது.

அடையாளங்கள் இவை: சும்மா மடியில் வைத்திருக்கும்போது கை உதறுதல், எல்லா வேலையிலும் மந்தம், கைகால் விறைப்பு, குறுகிய அடியெடுத்து நடத்தல், முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாமல் போதல், குரல் தாழ்தல், எழுத்து சிறுத்தல். பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: கை உதறும் எல்லாருக்கும் இந்நோய் இல்லை, இந்நோய் உள்ள எல்லாருக்கும் கை உதறுவதும் இல்லை. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"இது சீனருக்கு வருவது, வெள்ளைக்காரருக்கு வருவது, நமக்கு வராது" என்று நினைப்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் வீடு வீடாகச் சென்று செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு இந்நோய் இருப்பதாக அது கண்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற பேதம் அதில் தெரியவில்லை. நோய்க்கு இனம் கிடையாது.

காரணம் என்ன? பலருக்கு இன்ன காரணம் என்று சொல்ல முடிவதில்லை. வயது ஒரு காரணம். சில குடும்பங்களில் பரம்பரையும் உண்டு. களைக்கொல்லியான பாராகுவாட் மருந்தை நெடுங்காலம் கையாண்டவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் வந்தது என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் அந்த மருந்து முற்றிலும் தடை செய்யப்பட்டது. தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை செய்தவராக இருந்தால், டாக்டரிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்து வந்த கதை

டோபமைன் குறைகிறது என்றால் டோபமைனையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. மூளைக்கு ஒரு காவல் உண்டு. தோட்டத்துக் கேட்டில் நிற்கும் ஜாகா மாதிரி, கண்டதையும் உள்ளே விடாது. டோபமைனை விடாது. ஆனால் லெவோடோபா என்ற பொருளை உள்ளே விடும். உள்ளே போன லெவோடோபா அங்கே டோபமைனாக மாறிக்கொள்ளும்.

1957-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் விலங்குகளிடம் இதன் பயனைக் காட்டினார். 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் வியன்னா நகரில் ஹொர்னிக்கியெவிச், நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் கண்டார். 1967-இல் அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ் ஒரு முக்கியமான பாடத்தைக் காட்டினார். சிறிய அளவில் தொடங்கி, நாட்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டினால்தான் உடம்பு இம்மருந்தைத் தாங்கும், பலனும் தரும் என்பதே அது.

அந்தக் காலத்தில் வயிற்றுப் புரட்டலும் வாந்தியும் பெரிய தொல்லை. மருந்தில் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் டோபமைனாக மாறி வீணாயிற்று. அதைத் தடுக்க 1970-களில் கூட்டு மாத்திரைகள் வந்தன. லெவோடோபாவுடன் கார்பிடோபா சேர்ந்தது ஒரு வகை. அதைச் சினிமெட் என்ற பெயரில் பலர் அறிவார்கள். லெவோடோபாவுடன் பென்செராசைட் சேர்ந்தது மற்றொரு வகை, அது மாடோபார். இன்று வேறு கம்பெனிகளும் வேறு பெயர்களில் செய்கின்றன. துணைக்கு வந்த மருந்து நோயைத் தீர்க்காது. லெவோடோபாவை வழியில் வீணாகாமல் மூளைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை.

இம்மருந்து நோயை வேரோடு அறுப்பதில்லை. குறைந்துபோன சத்தை நாள்தோறும் ஈடு செய்கிறது. ஆகவேதான் அளவும் நேரமும் இவ்வளவு முக்கியமாகின்றன.

பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

பலர் ஏமாறுகிற இடம் இது. மாத்திரைப் பெட்டியில் போட்டிருக்கும் எண் எல்லாக் கம்பெனியிலும் ஒரே கணக்கு அல்ல.

மாடோபார் 125 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், பென்செராசைட் 25 மில்லிகிராம், கூட்டினால் 125. மாடோபார் 250 என்றால் லெவோடோபா 200, மற்றது 50. சினிமெட் வகையில் 25/100 என்றால் லெவோடோபா 100. 25/250 என்றால் லெவோடோபா 250. இந்தியாவிலிருந்து வரும் சிண்டோபா 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. சிண்டோபா 275 என்றால் லெவோடோபா 250, கார்பிடோபா 25.

ஆகவே "250-க்குப் பதில் 250 தானே" என்று ஒரு பெட்டியை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்தால், 200-க்குப் பதில் 250 உள்ளே போகும். "110-ம் 125-ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று மாற்றினால், துணை மருந்தின் அளவு பாதிக்கும் கீழே போய் வாந்தி திரும்பி வரலாம்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அக்கரை டாக்டர் மாடோபார் எழுதுகிறார். அது தெரியாமல் இக்கரை டாக்டர் சினிமெட் வகையை எழுதுகிறார். பெயர் வேறு, நிறம் வேறு. நோயாளி இரண்டையும் சாப்பிடுகிறார். இரண்டும் ஒரே மருந்தென்று அவருக்கு எப்படித் தெரியும்? அளவு இரட்டிப்பாகிறது. உடம்பு தானாக நெளிகிறது, தலை சுற்றுகிறது, இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு வழி சுலபம். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடையில் வாங்கினாலும், சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல், "தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

பெரட்டு மணி போல நேரம் தவறாமல்

பால் வெட்டுக்காரருக்கு நேரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் வெட்டினால் பால் ஓடும்; வெயில் ஏறி வெட்டினால் குறையும். இந்த மாத்திரையும் அப்படித்தான். லெவோடோபா இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். நோய் முற்ற முற்ற அதன் வேலை நேரமும் சுருங்கும். எட்டு மணி மாத்திரையை ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் அவர் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போகலாம்.

ஆகவே "மூன்று வேளை" என்பதைச் சோற்று நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் மணி அடிக்க வையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் சாப்பிடலாம். ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் சாப்பிடுங்கள். இரண்டு வேளையை ஒன்றாக விழுங்கக் கூடாது.

இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சிங்கப்பூரில் காலை 8 மணி என்றால் சென்னையில் 5.30. கடிகாரம் மாறும், உடம்பு மாறாது. இரண்டு வேளைக்கு இடையிலுள்ள மணிக்கணக்கைக் காப்பாற்றுங்கள். புறப்படும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம். போகிற நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்து மாத்திரை கூடுதலாக, பெட்டியோடு, டாக்டரின் கடிதத்தோடு, கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிக்குள் போட்டு, அது வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

சோறும் மாத்திரையும்

பருப்பு, மீன், கோழி, முட்டை, பால், தவ்ஃபூ இவற்றிலுள்ள புரதச் சத்தும் லெவோடோபாவும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. இரண்டும் சேர்ந்து போனால் மாத்திரை வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான். ஆகவே பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாத்திரையைச் சாப்பிடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஆரம்ப நாட்களில் வயிறு புரட்டினால் இரண்டு பிஸ்கட்டோடு சாப்பிடலாம்.

இதைக் கேட்டுவிட்டு மீனையும் பருப்பையும் அடியோடு நிறுத்தாதீர்கள். உடம்பு மெலிந்துவிடும். நேரத்தை மாற்றினால் போதும்.

இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் உண்டு. மாடோபார் எச்.பி.எஸ். ஒரு உதாரணம். இவற்றை நசுக்கவோ, மெல்லவோ, உறையைப் பிரித்துக் கொட்டவோ கூடாது. பல மணி நேரத்துக்கு உரிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகையும் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் பெரியவர்களே! சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தே போவேன் என்று வேண்டிக்கொண்டிருப்பீர்கள். விரதம் சோற்றுக்குத்தான், மருந்துக்கு அல்ல. தண்ணீரோடு மாத்திரை உள்ளே போகட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

தேக்காவில் வாங்கும் பொடி

இப்போது கூட்டக்கூடாத விஷயத்துக்கு வருவோம். பூனைக்காலி என்ற கொடியை நம்மில் பலருக்குத் தெரியும். காயின் மேல் உள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அதன் விதையை நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது என்ன தெரியுமா? நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே லெவோடோபாதான்!

ஆகவே பூனைக்காலியில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. அதில் மருந்து இருக்கிறது என்பதுதான் பிரச்சினையே. விதையின் எடையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்குவரை லெவோடோபா இருக்கலாம். வகைக்கு வகை, ஊருக்கு ஊர் மாறும். ஐந்து கிராம் பொடியில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். அதாவது சிறிய மாத்திரை இரண்டு அல்லது மூன்றுக்குச் சமம். அதுவும் மாத்திரையில் உள்ள துணை மருந்து உடம்பில் இருக்கும்போது பொடியின் வேகம் கூடும்.

"இது மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்று மருமகள் காலையில் பாலில் கலந்து கொடுக்கிறாள். மாத்திரையும் தொடர்கிறது. சில நாளில் பெரியவரின் தலையும் தோளும் தானாக ஆடத் தொடங்குகின்றன. "நோய் முற்றிவிட்டது" என்று எல்லாரும் அழுகிறார்கள். முற்றியது நோயாக இருக்க வேண்டியதில்லை; கூடியது மருந்தாக இருக்கலாம். டாக்டருக்குப் பொடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றால் அவருக்கும் குழப்பம்தான்.

பால் உறைய அமிலம் ஊற்றுகிறோம். அளவாக ஊற்றினால் நல்ல ஷீட். கணக்கில்லாமல் ஊற்றினால் சரக்கு கெடும். அதே அமிலம்தான், அளவுதான் வேறு. பொடி சாப்பிட ஆசையா? டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மறைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் தோட்டங்களில் மூடுபயிராகப் போடும் முக்குனா கொடி, பூனைக்காலிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. யாரோ சொன்னார்கள் என்று அதன் விதையைப் பறித்து அரைத்துக் கொடுக்காதீர்கள்.

வாந்திக்கு ஒன்று, தலைசுற்றலுக்கு ஒன்று

சில சாதாரண மருந்துகள் லெவோடோபாவுக்கு நேர் எதிரிகள். அவை டோபமைனின் வேலையைத் தடுத்து, நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், அதாவது மேக்சலான். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெராசின், அதாவது ஸ்டெமெட்டில். பஸ் பயணத்தில் மயக்கம் வராமலிருக்கச் சாப்பிடும் சின்னரிசின், அதாவது ஸ்டூஜெரான். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால்.

வயிற்றுப்போக்கு, வாந்தி என்று அவசரத்தில் கிளினிக்குக்குப் போகும்போதுதான் இந்த ஊசி ஏறிவிடுகிறது. ஆகவே கிளினிக்கிலோ, தோட்டத்து டிரசரிடமோ முதல் வார்த்தையாகவே, "இவருக்குப் பார்க்கின்சன் இருக்கு, அதுக்கு ஒத்து வராத மருந்து வேணாம்" என்று சொல்லிவிடுங்கள்.

செலிஜிலின், ரசாகிலின் என்ற மாத்திரைகளும் சாப்பிடுபவர்கள், டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் கலந்த இருமல் மருந்தைக் கேட்காமல் வாங்கிக் குடிக்கக் கூடாது. பெத்திடின், டிரமடால் போன்ற வலி மருந்துகளும் இவர்களுக்கு ஆகாது. ஆர்ட்டேன் என்ற பென்செக்சால் மாத்திரை வயதானவர்களுக்குப் புத்தித் தடுமாற்றத்தையும் மூத்திரக் கட்டையும் மலச்சிக்கலையும் கொடுக்கக்கூடும். பழைய மாத்திரை மிச்சமிருக்கிறதே என்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மாத்திரை வெள்ளிக்கிழமை தீர்ந்துவிட்டது. "திங்கட்கிழமை வாங்கிக்கலாம்" என்று விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கடும் காய்ச்சல் வரும், உடம்பு மரக்கட்டை போல் இறுகும், நினைவு தப்பும். இது உயிருக்கே ஆபத்து. இப்படிக் கண்டால் வீட்டில் கஷாயம் வைத்துக் கொண்டிருக்காமல் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணில் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். "மாத்திரை நின்றுவிட்டது" என்பதை முதலில் சொல்லுங்கள்.

வேறு ஏதேனும் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், இந்த மாத்திரையின் நேரப் பட்டியலை நர்சிடம் கொடுத்து, பட்டினி இருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டார் கண் வைக்க வேண்டியவை

எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். படுக்கையிலிருந்து முதலில் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து எழட்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடுங்கள். சம்சு, பியர் வேண்டாம்.

மூத்திரமும் வேர்வையும் கருத்துப் போகலாம். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்.

திடீர்த் தூக்கம் வரலாம். அப்படி வருகிறவர் மோட்டார் சைக்கிளும் ஓட்டக் கூடாது, வெட்டுக்கத்தியும் எடுக்கக் கூடாது.

மூலையில் குழந்தை நிற்கிறது, கட்டிலுக்கடியில் பாம்பு ஓடுகிறது என்று பெரியவர் சொல்லலாம். உடனே "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அது மருந்தினாலோ நோயினாலோ வருவது. அவரோடு சண்டை போடாமல் டாக்டரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்வார்.

இன்னொன்று, குடும்பத்தையே கெடுக்கக்கூடியது. பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடும் சிலருக்கு அடக்க முடியாத ஆசை கிளம்பும். ஒரு நாளும் நம்பர் எழுதாதவர் தினமும் நாலு நம்பர் எழுதுவார். சூதாட்ட விடுதிக்குப் போவார். கண்டதை வாங்கிக் குவிப்பார். வயதுக்கு ஒவ்வாத ஆசையும் வரலாம். லெவோடோபாவினாலும் சில வேளை இப்படி வருவதுண்டு. குடும்பம் அவரைக் குற்றவாளியாக்கி ஒதுக்குகிறது. ஐயா, இது அவர் குணம் அல்ல, மருந்தின் வேலை! அவரும் வெளியே சொல்ல வெட்கப்படுவார். நீங்கள் கேட்டுத் தெரிந்து டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிங்கப்பூரில், அவர் சூதாட்ட விடுதிக்குள் நுழையாதபடி குடும்பத்தார் விண்ணப்பம் செய்து தடை ஆணை பெறவும் வழியுண்டு.

எங்கே போவது?

சிங்கப்பூரில் முதலில் பாலிகிளினிக்கிலோ அக்கம்பக்கத்து டாக்டரிடமோ காட்டுங்கள். அவர் நரம்பு நோய் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார். 1999-இல் தொடங்கிய தேசிய நரம்பியல் நிலையம் டான் டோக் செங் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிறது. தேக்காவிலிருந்து தூரமில்லை: லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, நொவீனாவில் இறங்கலாம். நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் உடற்பயிற்சியும் ஆதரவும் தரும் சிங்கப்பூர் பார்க்கின்சன் சங்கம் 1996 முதல் இயங்கி வருகிறது. நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இந்நோயும் இருப்பதால், மெடிசேவ் பணத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம்.

அரசாங்கச் சலுகை விலை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஜொகூரிலிருந்து போகும் பெற்றோர் முழு விலை கொடுக்க வேண்டிவரும். விலை தாங்காமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதை விட, நம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிவு செய்து ஒழுங்காக வாங்குவது மேல். எந்தக் கரையானாலும் ஒரு டாக்டர் பொறுப்பில் இருங்கள்.

கேள்வியும் விடையும்

*"இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா பின்னாடி வேலை செய்யாதாமே?"*

இந்தப் பயத்தில் பலர் வருடக்கணக்கில் துன்பப்பட்டார்கள். நெதர்லாந்து நாட்டில் முன்கூட்டியே தொடங்கியவர்களையும் தாமதித்துத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. முன்கூட்டித் தொடங்கியதால் கெடுதல் எதுவும் அதில் காணவில்லை. நோய் மெதுவாகவும் இல்லை. அன்றாட வேலை கெடுகிறது என்றால் தொடங்க வேண்டியதுதான். எப்போது என்பதை டாக்டர் சொல்வார்.

*"பழகிப்போய்ப் போதை மருந்து மாதிரி ஆகிவிடுமா?"*

சொன்ன அளவில் சாப்பிட்டால் அப்படி ஆகாது. வருடங்கள் போகப் போக அளவைக் கூட்ட வேண்டிவருவது நோய் வளர்வதால். ஆனால் தாமாகவே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சிலர் உண்டு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

*"பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் கை உதறுது. ரெண்டு மாத்திரை கொடுக்கலாமா?"*

கூடவே கூடாது. அவருக்கு வேறு நோயாக இருக்கலாம். கண்ணழுத்த நோயில் ஒரு வகைக்கு இம்மருந்து ஆபத்து.

சுவரில் ஒட்டி வைக்க

1. மணி பார்த்து மாத்திரை.
2. சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு, அல்லது ஒரு மணி பின்பு.
3. மறந்த வேளைக்கு இரட்டை மாத்திரை வேண்டாம்.
4. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைக்கவும். திடீரென்று நிறுத்தவே கூடாது.
5. பொடி, கஷாயம், வெளியூர் மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிய பிறகே.
6. வாந்தி, தலைசுற்றல் ஊசிக்கு முன் நோயின் பெயரைச் சொல்லவும்.
7. எல்லா மருந்தும் பெட்டியோடு ஒரே பையில். குழந்தைகளுக்கு எட்டாமல், வெயிலும் ஈரமும் படாமல்.
8. இல்லாதது கண்ணில் தெரிந்தாலும், சூதாட்ட ஆசை வந்தாலும் மறைக்க வேண்டாம்.

தோழர்களே! விடியுமுன் எழுந்து, மழையிலும் பனியிலும் மரம் ஏறி இறங்கி நம்மை ஆளாக்கியவர்கள் அவர்கள். இன்று அவர்கள் கை நடுங்குகிறது. அந்தக் கைக்குச் சரியான மாத்திரையைச் சரியான நேரத்தில் எடுத்துக் கொடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு. படிக்கத் தெரியாத பெரியவர்கள் உங்கள் லயத்தில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.